காளான் பவளத்தைக் கவிழ்த்துப் பார்த்துப் பெயர் எழுதுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளிடம், மேலே தகடு தகடாக உள்ள எந்த வட்டப் பவளத்தைக் காட்டினாலும் பதில் ஒன்றுதான்: ஃபஞ்சியா, அதாவது காளான் பவளக் குடும்பத்தின் ஒரு பேரினம். ரெக்கார்டு நோட்டுக்கு அது போதும், வகைப்பாட்டுக்குப் போதாது. இந்தப் பவளங்களைக் கையாளுவதிலும் பெயரிடுவதிலும் நடக்கும் தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்; கோணல் படம், எழுத்துப்பிழை எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும் என்பதால் அவை இங்கே வேண்டாம்.

அடிப்பக்கத்தைப் பலகையில் ஒட்டுவது

அலமாரியில் அழகாக நிற்கட்டும் என்று எபாக்சிப் பசை தடவிப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது நின்றபாடில்லை. இனம் பிரிக்கத் தேவையானதில் பாதி அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. பெயர்த்து எடுத்தால் முட்கள் பசையோடு போய்விடும்.

கவிழ்த்து, மென்மையான பிரஷால் தூசு தட்டி, பத்து மடங்கு லென்ஸை வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். முதலில் நடுப்பகுதி: இளம் பவளம் ஒரு காம்பில் ஒட்டி வளர்ந்து பின்னர் கழன்று விழுவதால் அங்கே தழும்பு இருக்கலாம், வயதானவற்றில் மூடிப்போயிருக்கும். அடுத்து, ஆரமாக ஓடும் வரிகளின் மேலுள்ள முட்கள். ஃபஞ்சியா ஃபஞ்சைட்டிஸ் என்ற இனத்தில் அவை வழவழப்பான கூம்புகள். லித்தோஃபிலான் ரெப்பாண்டா என்ற இனத்தில் மொட்டையானவை. பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, சுவரில் துளை, கீறல் உண்டா என்று பாருங்கள். சைக்ளோசெரிஸ் என்ற பேரினத்தின் சின்ன வட்டப் பவளங்களில் பொதுவாகத் துளை இருக்காது. ஆனால் மற்ற இனங்களின் குஞ்சுகளிலும் துளை தென்படாமல் போகலாம், அதனால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. மேல்தகடுகளின் பற்களைக் கடைசியாகப் பாருங்கள்.

ஆசிட்டில் கழுவுவது

பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட், ஆசிட்டில் கரைந்துவிடும். முதலில் கரைவது முட்களும் பற்களும்தான். சதை ஒட்டியிருந்தால் நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும்.

பழைய லேபிளை அப்படியே நகலெடுப்பது

2011இல் மரபணு ஆய்வு இந்தக் குடும்பத்தையே மாற்றி அடுக்கியது. ஃபஞ்சியா பேரினத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஃபஞ்சைட்டிஸ் என்ற ஓர் இனம் மட்டுமே. முன்பு அதிலிருந்த ஸ்கூட்டேரியா இனம் லோபாக்டிஸ் பேரினத்துக்கும், ஹாரிடா இனம் டானாஃபஞ்சியா பேரினத்துக்கும் போய்விட்டன. பழைய லேபிளைக் கிழிக்காதீர்கள்; புதிய பெயரை அதன் கீழே எழுதுங்கள்.

ஒட்டி வளர்ந்தால் காளான் பவளம் இல்லை என்பது

தவறு. இதே குடும்பத்துப் பேரினமான பொடபேசியா கடைசிவரை ஒட்டியே வளரும்.

மீன்தொட்டிக் கடை 'மஷ்ரூம்'

அது டிஸ்கோசோமா என்ற உயிரி, காளான் பவளம் இல்லை. அதற்கு எலும்புக்கூடே கிடையாது, வகைப்பாட்டில் வரிசையே (order) வேறு.

ராமேஸ்வரத்தில் வாங்கி வருவது

கூடாது. காளான் பவளம் உள்ளிட்ட கல்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.