பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு மேட்ச் பார்க்க வருபவர்களுக்கு

நம்ம ஊர் அணிக்கு கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆட்டமா? உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோ தேடாதீர்கள். வாலாங்குளம் கரையோரமாகச் சுங்கம் வரை நடந்து, அங்கிருந்து ரேஸ் கோர்ஸ் பக்கமாகப் போய்விடலாம். மாலை ஆட்டத்துக்கு இதுதான் சரியான வழி: சுங்கம் நோக்கி நடக்கும்போது வெயில் முதுகுப் பக்கம் விழும், கண் கூசாது. குளத்தின் குறுக்கே போத்தனூர் ரயில் போகும், நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். கூட்டமாக, கொடியோடு நடந்து போகிற அந்த நேரமே பாதி மேட்ச்.

ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள். தண்ணீரை வழியிலேயே குடித்துவிடுங்கள், பல மைதானங்களில் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காளான் கடை கண்ணில் பட்டால் தாராளமாக நில்லுங்கள், ஆனால் ஆட்டம் தொடங்குமுன் உள்ளே இருக்க வேண்டும். 2018-19 ஐ-லீக் கால்பந்துக் கோப்பையைச் சென்னை சிட்டி அணி வென்றது இதே மைதானத்தில்தான். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து நம்ம பையன்களுக்குக் கைதட்டுவது பெரிய விஷயம்.

திரும்பும்போது இருட்டிவிடும். அப்போது குளத்துப் பக்கம் வேண்டாம், உக்கடத்துக்கு டவுன் பஸ் பிடித்துவிடுங்கள்.