மின்கட்டண மாற்றம் பசுமை முதலீட்டை வளர்க்குமா? கணித்துப் பார்க்கும் முறை

ஒரு மின்கட்டணத் திட்டம் சூரிய, காற்றாலை மின்சாரத்தில் முதலீட்டை ஈர்க்குமா, கரியமில வாயுவைக் குறைக்குமா என்று ஆராய்வோர் பெரும்பாலும் சராசரி விலையிலிருந்தே தொடங்குகிறார்கள். என் பார்வையில் பிழையும் அங்கேயே தொடங்குகிறது. மின்சாரத்தின் மதிப்பு மணிக்கு மணி மாறுவதால், ஓராண்டின் 8,760 மணி நேரத்துக்குமான தேவை, உற்பத்தி, விலை ஆகியவற்றை முதலில் ஒரே அட்டவணையில் திரட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, நிலையம் உண்மையில் ஈட்டும் விலையைக் கணக்கிட வேண்டும். ஒரு சூரிய மின் நிலையம் 100 யூனிட்டில் 70 யூனிட்டை யூனிட்டுக்கு 2 என்ற நண்பகல் விலைக்கும், 30 யூனிட்டைக் காலை, மாலை விலையான 5-க்கும் விற்பதாகக் கொள்வோம். சந்தையின் சராசரி 4 ஆக இருந்தாலும் அந்நிலையம் பெறுவது 2.9 மட்டுமே, முதலீட்டாளர் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

பிறகு கட்டணம் நுகர்வை எந்த நேரத்துக்குத் தள்ளுகிறது என்று பாருங்கள். பகலை உச்சநேரமாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் வசூலித்தால் பயன்பாடு இரவுக்கு நகரும். சூரிய மின்சாரத்துக்குரிய சந்தை சுருங்குவதோடு, இரவில் இயங்குவது நிலக்கரி நிலையமென்றால் உமிழ்வும் கூடும். அதே கட்டணம் இரவில் பலமாக வீசும் காற்றை நம்பிய காற்றாலைக்குச் சாதகமாகலாம். கூரைச் சூரியத் தகடுகளுக்குக் கணக்கு வேறு: நிலைக்கட்டணத்தை உயர்த்தி யூனிட் விலையைக் குறைத்தால், போட்ட பணம் திரும்பும் காலம் நீளும்.

உமிழ்வைக் கணக்கிடும்போது மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, பசுமை மின்சாரம் கூடும்போது அந்தந்த மணியில் உற்பத்தியைக் குறைக்கும் நிலையம் எது என்று தேட வேண்டும். ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவையும், நவீன எரிவாயு நிலையம் அதில் பாதிக்கும் குறைவாகவும் வெளியிடுகின்றன. கரியமில வாயு உமிழ்வுக்கு விதிக்கும் கட்டணமான கார்பன் விலை, மலிவான நிலையம் முதலில் இயங்கும் வரிசையையே மாற்றிவிடும். பிரிட்டனில் 2015 முதல் டன்னுக்குச் சுமார் 18 பவுண்டு கூடுதல் வரி விதிக்கப்பட்டதும் எரிவாயு நிலக்கரியை முந்தியது. 2012-இல் மின்னுற்பத்தியில் சுமார் 40 விழுக்காடாக இருந்த நிலக்கரியின் பங்கு 2020-இல் 2 விழுக்காட்டளவுக்குச் சரிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

விலையின் அளவைப் போலவே அதன் உறுதியும் முக்கியம். காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு இல்லை. செலவின் பெரும்பகுதி தொடக்க மூலதனமாதலால் வட்டி விகிதமே யூனிட் விலையைத் தீர்மானிக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஜெர்மானியச் சட்டம் 20 ஆண்டுகளுக்கு நிலையான விலையை உறுதியளித்தபோது, குறைந்த வட்டிக்குக் கடன் தர வங்கிகளுக்குத் துணிவு வந்தது.

இறுதியாக, சூரிய உற்பத்தி இருமடங்கானதாக வைத்துக் கணக்கை மீண்டும் ஒருமுறை போடுங்கள். புதிய நிலையங்கள் நண்பகல் விலையைத் தாமே வீழ்த்துமாதலால், முன்பு கண்ட 2.9 இன்னும் குறையும். மலிவான நண்பகல் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுசெல்லும் பேட்டரிகளையும் சேர்த்து மூன்றாம் முறை கணக்கிட்டால், அவற்றின் செலவை ஈடுகட்ட நண்பகலுக்கும் மாலைக்கும் இடையே எவ்வளவு விலை வேறுபாட்டைக் கட்டணம் அனுமதிக்க வேண்டும் என்பது தெரியவரும்.