வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விருப்பமா? பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கடந்த ஜனவரியில் நாகலூரிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்தாள். பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தவள். அப்பா காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து வந்த தலைச்சுற்றல் அவளுக்கு இன்னும் தீரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து நான்கு விளம்பரத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். "வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும் மிஸ். இந்த நான்கில் எதில் சேரட்டும்? நாளைக்குள் கட்டினால் பாதிக் கட்டணம்தானாம்."

நான்கிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். 120 மணி நேரப் பயிற்சி, உலக அங்கீகாரம், வேலை உறுதி. கட்டணம் மட்டும் ஒன்றில் சில ஆயிரம், இன்னொன்றில் லட்சத்துக்கும் மேல். அன்று இரண்டு மணி நேரம் அவளோடு பேசியதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சேலத்திலும் சுற்று வட்டாரத்திலும் இதே கேள்வியோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அவசரப்பட்டு ஒரு தாளை நம்பிப் பணம் கட்டி, ஓராண்டை இழந்த பிறகுதான் சரியான பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்; வியட்நாமில் இரண்டு ஆண்டுகள் கற்பித்தேன்.

முதல் படி: நாட்டை முடிவு செய்யுங்கள்

எல்லாரும் பயிற்சியில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் விசா. எந்த நாடு என்று தெரியாமல் எந்தச் சான்றிதழ் என்று கேட்பது, மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் பத்திரிகை அடிப்பது போன்றது.

தென்கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஆசிரியர்களுக்கான ஈ-2 விசாவைப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்னும் ஏழு நாட்டவருக்கே கொடுக்கிறார்கள். இந்தியர்களுக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில் ஆங்கில உதவி ஆசிரியர் பணியும் சேர்க்கப்பட்டது. அதற்கும் பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும். சீனாவிலும் தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் நாட்டவருக்கே முன்னுரிமை. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் விதி அப்படி இருக்கும்போது, அந்த நாட்டை நம்பி ஒருவர் பணம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

ஜப்பானில் தாய்மொழியாக ஆங்கிலம் பேசாதவர்களிடம், 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்பது வழக்கம். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர்கள் பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் பயிற்றுமொழிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். வியட்நாமில் இளநிலைப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று ஆகியவற்றைக் காட்டி வேலை அனுமதி பெற வேண்டும். தாய்லாந்தில் நம்மிடம் டோயிக் அல்லது ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்கிறார்கள். வளைகுடா நாடுகளின் பள்ளிகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பி.எட். அங்கே வகுப்பறை அனுபவமும் பி.எட். பட்டமும் செல்லுபடியாகும் அளவுக்கு நான்கு வாரப் பயிற்சி செல்லாது.

இன்றிரவே ஒரு நோட்டில் நாட்டின் பெயரை எழுதி, அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்து அதன் கீழே நான்கு வரி எழுதுங்கள்: பட்டம் வேண்டுமா, கற்பித்தல் சான்றிதழ் வேண்டுமா, எத்தனை ஆண்டு அனுபவம், எந்த நாட்டவருக்கு அனுமதி. நாகலூர்ப் பெண் அப்படி எழுதிப் பார்த்தபோது, அவளிடம் இருந்த நான்கு தாள்களில் இரண்டு அந்த இடத்திலேயே கழிந்துவிட்டன. இரண்டும் கொரியாவைக் காட்டி விளம்பரம் செய்தவை.

இரண்டாம் படி: பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்

டெஃபல் என்று விளம்பரங்களில் பார்ப்பது ஒரு சான்றிதழின் பெயரன்று. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் துறைக்கே அதுதான் பெயர். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம்; தடுக்க உலக அளவில் எந்த அமைப்பும் கிடையாது. "120 மணி நேரம்" என்பதும் வேலை தருபவர்களிடையே பழகிப்போன ஓர் அளவுதான். அந்த 120 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உலகம் முழுவதும் வேலை தருபவர்கள் பெயரைக் கேட்டதுமே ஒப்புக்கொள்வது இரண்டை. ஒன்று கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா. மற்றது லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டீசால். செல்டாவில் குறைந்தது 120 மணி நேர வகுப்பு. அதற்குள் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்தி மதிப்பீடு பெற வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை ஆறு மணி நேரம் கவனிக்க வேண்டும். டிரினிட்டியில் குறைந்தது 130 மணி நேரம், அதிலும் ஆறு மணி நேரக் கற்பித்தல் உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று: பயிற்சி பெறுபவர்களுக்குச் சற்றும் தெரியாத ஒரு மொழியை அவர்களுக்கே சில மணி நேரம் கற்பிப்பார்கள். ஒன்றுமே புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை ஆசிரியராகப் போகிறவர் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும்.

இரண்டுமே இங்கிலாந்தின் தகுதி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் வகுத்த லெவல் 5 என்னும் தரநிலையில் இருப்பவை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இணையவழிப் பயிற்சிகள் சிலவும் லெவல் 5 என்றே வருகின்றன. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு மாணவரைக்கூடப் பார்க்காமல் முடித்துவிடக்கூடிய லெவல் 5-உம் உண்டு. எனவே லெவலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆஃப்குவாலின் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜும் டிரினிட்டியும் தங்கள் பயிற்சி மையங்களின் பட்டியலைத் தங்கள் தளங்களிலேயே வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத மையம் செல்டா நடத்துகிறோம் என்றால், அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலேயே ஆசிரியப் பணியில் நிலைக்க விரும்புகிறவர்கள் ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பையும் பாருங்கள். 1958-இல் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவே தொடங்கப்பட்ட நிறுவனம் அது, தொலைநிலையிலும் படிக்கலாம்.

மூன்றாம் படி: பின்வரிசையில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள்

நான் சொல்ல வந்ததே இந்தப் படியைத்தான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

நான் முதலில் பணம் கட்டியது ஓர் இணையவழிப் பயிற்சிக்கு. காணொளிகள், கொள்குறி வினாக்கள், இறுதியில் தங்க முத்திரையோடு ஒரு சான்றிதழ். நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஒருவர் கவனித்துக் குறை நிறை சொல்ல, எத்தனை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறீர்கள்?" ஒரு மணி நேரம்கூட இல்லை. நேர்காணல் அத்தோடு முடிந்தது.

இரண்டாவதாகச் சேர்ந்த பயிற்சியில் மூன்றாம் நாளே வகுப்பில் நிறுத்திவிட்டார்கள். எதிரே ஒரு வாடகைக் கார் ஓட்டுநர், ஒரு செவிலியர், மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், இன்னும் ஏழெட்டுப் பேர். பின்வரிசையில் பயிற்றுநர், கையில் நோட்டு. நான் வினைச்சொல்லின் காலங்களை விளக்கினேன், பலகை நிறைய எழுதினேன், "புரிந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மகிழ்ச்சியோடு அடுத்த பகுதிக்குப் போனேன்.

வகுப்பு முடிந்ததும் பயிற்றுநர் கேட்டார்: "தலையாட்டினார்கள். புரிந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவர் சொன்னபடி பலகையில் இரண்டே வாக்கியங்கள் எழுதினேன். "ஐ லிவ்ட் இன் சேலம் ஃபார் டென் இயர்ஸ்." "ஐ ஹாவ் லிவ்ட் இன் சேலம் ஃபார் டென் இயர்ஸ்." விளக்கம் எதுவும் சொல்லாமல், "இவர் இப்போது சேலத்தில் இருக்கிறாரா?" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்டேன். முதல் வாக்கியத்துக்குப் பாதிப் பேர் "இருக்கிறார்" என்றார்கள். முந்தைய நாள் தலையாட்டிய அதே பேர்! அந்த ஓட்டுநர் சிறிது யோசித்துவிட்டு, "இல்லை, இவர் கிளம்பிவிட்டார். இரண்டாமவர்தான் இன்னும் இங்கே இருக்கிறார்" என்றார். மற்றவர்களுக்கும் அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் விளங்கியது. நான் ஆசிரியரானது அந்த நிமிடத்தில்தான்.

எந்தக் காணொளியாலும் இதைக் கொடுக்க முடியாது. பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து, நீங்கள் பேசுவதை அல்ல, மாணவர்களின் முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு நேருக்கு நேராகச் சொல்ல வேண்டும். இணையவழியில் நடக்கும் செல்டாவிலும் இது உண்டு; திரையின் மறுபக்கம் உண்மையான மாணவர்கள் இருப்பார்கள், பயிற்றுநரும் இருப்பார். நேரில் என்றாலும் இணையம் என்றாலும் எனக்குச் சம்மதமே. மாணவர்களும் பயிற்றுநரும் இல்லாத பயிற்சியைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தாய்மொழி ஆங்கிலம் இல்லையே என்ற தயக்கம் நம்மவர்களுக்கு நிறைய இருக்கிறது. அது தேவையில்லை. தமிழில் ப ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் p, b என்று இரண்டு ஒலிகள். அதைக் காதால் பிரித்து, நாவால் பழகி வந்தவர்கள் நாம். வியட்நாமில் என் மாணவர்கள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். "ரைஸ்", "ரைட்" இரண்டும் "ரை" என்றே வரும். ஒரு ஒலி ஏன் வாயில் வர மறுக்கிறது என்பது, பிறந்ததிலிருந்தே அதைப் பேசுகிறவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

நான்காம் படி: இருபது நிமிடம் நடத்திப் பாருங்கள்

பெரிய தொகை கட்டும் முன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரை உட்காரவைத்து இருபது நிமிடம் ஒரு பாடம் நடத்துங்கள். தமிழ் பேசக் கூடாது. கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டுப் பார்த்து, நீங்கள் பேசியது எத்தனை நிமிடம், பிள்ளைகள் பேசியது எத்தனை நிமிடம் என்று கணக்கிடுங்கள். முதல் முறை நீங்களே பதினெட்டு நிமிடம் பேசியிருப்பீர்கள், பரவாயில்லை. அடுத்த வாரமும் நடத்த மனம் வருகிறதா என்பதுதான் முக்கியம். வராவிட்டால், லட்ச ரூபாய் மிச்சம்.

ஐந்தாம் படி: தொலைபேசியில் பேசுங்கள்

மையத்தை அழைத்து, எத்தனை மணி நேரம் நான் பாடம் நடத்துவேன், மாணவர்கள் உண்மையானவர்களா அல்லது உடன் பயில்பவர்களே மாணவர்களாக நடிப்பார்களா, யார் கவனிப்பார், அவருடைய தகுதி என்ன என்று கேளுங்கள். சேரும் முன் நேர்காணலும் மொழித் தேர்வும் உண்டா என்றும் கேளுங்கள். செல்டாவுக்கு இரண்டும் உண்டு. தகுதி இல்லாதவரைச் சேர்க்க மாட்டார்கள். பணம் கட்டினால் போதும், யாரும் சேரலாம் என்றால் அந்தச் சான்றிதழின் மதிப்பு அதிலேயே தெரிந்துவிடும்.

"நாளைக்குள் கட்டுங்கள்" என்று நெருக்கினால் கட்டாதீர்கள். நாகலூர்ப் பெண்ணுக்கு மூன்று வாரம் கழித்தும் அதே பாதிக் கட்டணத்தோடு அழைப்பு வந்தது.

வேலையும் வாங்கித் தருகிறோம் என்றால் இன்னும் கவனம் தேவை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் உண்டு, அங்கும் விசாரிக்கலாம். சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கையில்கூடக் கொடுக்காதீர்கள். 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்களில் நம் மாநில இளைஞர்களும் இருந்தார்கள்.

ஆறாம் படி: பெயரைச் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்

பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் வேண்டியிருக்கும். சில நாடுகளுக்கு அப்போஸ்டில் என்னும் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான சான்றொப்ப முத்திரை போதும், சில நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். தற்காலிகச் சான்றிதழை வைத்து இது நடக்காது. பட்டமளிப்புச் சான்றிதழை இப்போதே பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: இனிஷியல். பட்டத்தில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், பயிற்சிச் சான்றிதழில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர் என்று இருந்தால், வேலை அனுமதி அலுவலகத்தில் மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். நான் அலைந்திருக்கிறேன். பயிற்சியில் சேரும் விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரை எழுதுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள், மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள். அந்தப் பெண்ணிடம் பாஸ்போர்ட் இல்லை. நான்கு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அப்பாவின் பெயர் எந்தெந்தச் சான்றிதழில் எந்த எழுத்துகளில் இருக்கிறது என்று நோட்டில் எழுதத் தொடங்கினாள். ஓரிடத்தில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. அதைத் திருத்தும் வேலைதான் அவளுடைய முதல் வேலையாக அமைந்தது.