தடைக்காலத்தில் தூக்கத்தைச் சரிசெய்யலாம்

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகில் போகிறவர்களுக்கு ராத்தூக்கம் கெடுவது புதிதல்ல. தூக்கமின்மைக்குச் செல்போன் ஆப் வழியாகவே இப்போது சிபிடி-ஐ என்ற சிகிச்சை கிடைக்கிறது. மாத்திரை கிடையாது, படுக்கிற பழக்கத்தையும் தூக்கம் வராதோ என்ற பயத்தையும் மாற்றுவார்கள். வழக்கமாக 6 முதல் 8 வாரம் ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோதான நேரம். ஆரம்பத்தில் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்வதால் பகலில் கண் சொக்கும். அந்த நிலையில் கடலுக்குப் போவதும் வண்டி ஓட்டுவதும் ஆபத்து.

ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அது அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. விழித்தபடி அசையாமல் கிடந்தால் அதையும் தூக்கத்தில் சேர்த்துவிடும். அதனால் ஆப் கேட்கும் தூக்கக் குறிப்பில், காலையில் உங்களுக்குத் தோன்றுவதையே எழுதுங்கள். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று வாட்ச் காட்டுவதைப் பார்த்துக் கவலைப்படவே வேண்டாம். என்னைக் கேட்டால், அதன் பெரிய பயன் அதிர்வு அலாரம்தான். தினமும் ஒரே நேரத்தில் எழுவது இந்தச் சிகிச்சையில் ரொம்ப முக்கியம். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகளும் விழிக்க மாட்டார்கள். ராத்திரியில் திரையை அணைத்துவிடுங்கள். வாட்ச் காட்டும் தூக்கக் கணக்கை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

அப்புறம், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்களும் வலிப்பு உள்ளவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.