வீட்டு மரவேலைக்கு ஒரு சின்ன மேசை வாள்: எதைப் பார்த்து வாங்குவது

மேசை வாள் (மேசை நடுவே வட்டப் பிளேடு சுழலும் மின்வாள்) பார்க்கக் கடைக்குப் போகும்போது ஒரு மூலைமட்டமும் ஓர் இரும்பு அடிமட்டமும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் முதலில் மோட்டாரின் வாட் கணக்கைத்தான் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பலகை நேராக அரிபடுமா என்பதை அந்த அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அப்பா ஓடாவி. எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். கார் விடக் கட்டிய கொட்டகையில் அப்பாவின் வேலைமேசைதான் நிற்கிறது. சனி ஞாயிறுகளில் அங்கே ஸ்டூல், புத்தகத் தட்டு, லாச்சி வைத்த சின்னப் பெட்டிகள் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். போன வருடம் தங்கை வீட்டுச் சாமி அறைக்கு ஒரு தட்டும் செய்துகொடுத்தேன். அப்பா கைவாளால் அரிந்ததை நான் எட்டேகால் அங்குலப் பிளேடு போட்ட மேசை வாளில் அரிகிறேன். இதை வாங்க முன் ஏழு மாதம் விசாரித்துத் திரிந்தேன்.

முதலில் கரண்ட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் காசு அதிகம் வீணாவது இதில்தான். "டேபிள் சோ தானே, இங்கே மலிவு விற்பனை போகுது, பெட்டியில போட்டு அனுப்புறன்" என்று ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா எனக்கும் சொன்னார். அன்பால் சொன்னது. வேண்டாம் என்றேன். அப்படி வந்த ஒரு வாளுக்கு நடந்ததை, தம்பி முறையான ஒருவரின் வீட்டில் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பிளக்கை மட்டும் மாற்றிச் சுவரில் குத்தினார்கள். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. மோட்டார் ஒரு கத்தல் கத்தியது, கருகிய மணம் வந்தது, அவ்வளவுதான். பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

டிரான்ஸ்போமர் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். அங்கே விற்கும் வாள்களில் அநேகம் 15 அம்பியர் இழுக்கும். 15ஐ 120ஆல் பெருக்கினால் 1800 வாட். ஸ்டார்ட் ஆகும் நொடியில் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஆகவே 3 கிலோவோல்ட் அம்பியர் டிரான்ஸ்போமர் இல்லாமல் நான் துணிய மாட்டேன். அதன் விலையையும் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள், அண்ணா சொன்ன மலிவு காணாமல் போய்விடும். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் உரசிக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) உள்ள மோட்டாருக்கு, அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 ஹேர்ட்ஸ் என்ற வித்தியாசம் பெரிதில்லை. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் உதவ விரும்பினால் நல்ல பிளேடு, மூலைமட்டம், காதுக் கவசம் அனுப்பச் சொல்லுங்கள். வாளை 230 வோல்ட்டுக்கு இங்கேயே வாங்குங்கள். பிரஷ் தேய்ந்தால் மாற்றுப் பிரஷும் இங்கே கிடைக்க வேண்டும் அல்லவா?

வீட்டுப் பிளக்கையும் பாருங்கள். 1850 வாட் வாள் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 அம்பியர் எடுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் சின்ன வட்ட முனைப் பிளக் 5 அம்பியருக்கானது, 1150 வாட்டுக்கு மேல் அதற்குத் தாங்காது. அடப்டர் செருகி அதில் வாளை ஓட்ட வேண்டாம். 13 அம்பியர் சதுர முனை, அல்லது வீட்டில் ஏற்கெனவே உள்ள 15 அம்பியர் வட்ட முனை வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் தேவை என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயராக எடுங்கள், ஓட்டும்போது சுருளை முழுதாக அவிழ்த்து விடுங்கள். மெல்லிய நீள வயரில் மோட்டார் இளைத்து ஓடிச் சூடாகும். நான் கொட்டகைக்கு ஒரு 13 அம்பியர் பொயின்ட் தனியாக இழுத்தேன்.

இனி அடிமட்டத்துக்கு வருகிறேன். மேசை வாளில் பலகையை நேராகக் கொண்டுபோவது ஃபென்ஸ், அதாவது பிளேடுக்குப் பக்கத்தில் பூட்டும் அந்த நீளச் சட்டம். அது பிளேடுக்குச் சமாந்தரமாக நிற்கவில்லை என்றால் எத்தனை வாட் இருந்தும் பயனில்லை. கடையில் இப்படிச் செய்து பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, மேசையில் பிளேடுக்குப் பக்கமாக நீளவாக்கில் ஓடும் மைட்டர் பள்ளத்துக்கும் அதற்கும் இடைத்தூரத்தை அளவெடுங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மறுபடி அளவெடுங்கள். அதே பல்லையே அளப்பதால் பிளேடு சற்று வளைந்திருந்தாலும் கணக்குப் பிழைக்காது. அரை மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால், அதைச் சரிசெய்யத் திருகாணி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். திருகாணி இல்லாத வாளை விட்டுவிடுங்கள்.

பிறகு ஃபென்ஸைப் பூட்டி, பள்ளத்திலிருந்து அதன் முன் முனைக்கும் பின் முனைக்கும் அளவு பாருங்கள். ஐந்து தரம் திறந்து பூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் ஒரே அளவில் வந்து நிற்கிறதா? பூட்டியபின் பின் முனையைப் பெருவிரலால் பலமாகத் தள்ளுங்கள். அசைந்தால் வேண்டாம். பின் முனை மயிரிழை விலகி நின்றால்கூடப் பொறுக்கலாம், பிளேடுப் பக்கம் நெருங்கி நிற்கவே கூடாது. நெருங்கினால் பலகை பிளேடோடு இறுகும்.

மலிவு வாள்களில் ஃபென்ஸ் முன்பக்கம் மட்டும் கவ்விப் பிடிக்கும். பல்சக்கரம் ஓடும் தண்டில் முன்னும் பின்னும் ஒன்றாக நகரும் வகையும் இருக்கிறது, டிவோல்ட் கம்பனியின் சிறிய வாள்களில் அதுதான். ஒரு குமிழைத் திருப்பினால் முழுச் சட்டமும் சமாந்தரமாகவே போகும். நான் டிவோல்ட் 7485 எடுத்ததற்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது. பொஷ், மகீடா வாள்களிலும் நல்லவை உண்டு. எதுவானாலும் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

அளவைப் பற்றி அதிகம் குழம்பத் தேவையில்லை. பத்து அங்குலப் பிளேடு ஏறக்குறைய 79 மில்லிமீற்றர் ஆழம் அரியும், எட்டேகால் அங்குலம் 65. வீட்டு மரவேலையில் 65ஐத் தாண்டும் மரம் எனக்கு வந்ததே இல்லை. பத்து அங்குல வாளைச் சக்கர ஸ்டாண்டோடு எடுத்தால் நாற்பது கிலோவைத் தாண்டும், என்னுடையது 22 கிலோ. நான் ஒருத்தியாகவே தூக்கி வேலைமேசையில் வைப்பேன். அளவில் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: ஃபென்ஸ் பிளேடிலிருந்து எவ்வளவு தூரம் விலகும்? எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டை நடுவே பிளக்க 24 அங்குலம் வேண்டும். என் வாளில் இருபத்து நாலரை. அந்த அரை அங்குலம் அலுமாரி செய்யும்போது எவ்வளவு உதவும் என்று செய்து பார்த்தால் தெரியும்.

அடுத்தது உயிருக்கும் விரலுக்கும் உரியது. பிளேடுக்குப் பின்னால், அதை ஒட்டி, பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு வளைந்த உருக்குத் தகடு இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ரைவிங் நைஃப். அரிந்த வெட்டு மீண்டும் மூடிக்கொள்ளாமல் தடுப்பது அதன் வேலை. மரத்துக்குள் இறுக்கம் உண்டு. அரிந்ததும் இரு பாதியும் சில நேரம் விரியும், சில நேரம் நெருங்கும். நெருங்கிப் பிளேடின் பின் பற்களைக் கவ்வினால், மேலே எழும்பும் அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி உங்களை நோக்கி எறியும். என் வாளின் பிளேடு நிமிடத்துக்கு 5800 சுற்று. 210 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல்லின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீற்றர். பலகையை எறியும் பல் அந்த வேகத்தில்தான் ஓடுகிறது.

இந்தக் கணக்கை நான் போட்டது அடிபட்ட பிறகுதான். வாங்கி மூன்றாம் மாதம், பாதி ஆழப் பள்ளம் ஒன்று வெட்டத் தகட்டைக் கழற்றியிருந்தேன். அடுத்த வெட்டுக்கு அதைத் திரும்பப் பூட்ட மறந்தேன். சமண்டலைத் துண்டு ஒன்று பாதி வழியில் இறுகி வந்து இடுப்பெலும்பில் அடித்தது. இரண்டு கிழமை நிமிர்ந்து நின்று படிப்பிக்க முடியவில்லை. ஆகவே, தகட்டைக் கருவி இல்லாமல் கையாலேயே தாழ்த்தவும் உயர்த்தவும் முடிகிற வாளைப் பாருங்கள். கழற்றத் தேவை இல்லாவிட்டால் மறக்கவும் இடமில்லை. தகட்டின் தடிப்பு அதிலேயே பொறித்திருக்கும். பிளேடின் உடலைவிட அது தடிப்பாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். புதுப் பிளேடு வாங்கும்போதும் இதை ஒப்பிடுங்கள்.

கைத்தோல் பட்டதும் சில மில்லி வினாடியில் பிளேடை நிறுத்தும் சோஸ்டாப் வகை வாள்களும் உண்டு. வாங்கும் வசதி இருந்தால் வாங்குங்கள், விரலுக்கு விலை இல்லை. ஒரு தரம் நிறுத்தினால் அந்தப் பிரேக்கைப் புதிதாக மாற்ற வேண்டும், பிளேடும் பெரும்பாலும் போய்விடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாலு அங்குல கிரைண்டரில் மரப் பிளேடு பூட்டி, பலகைக்குக் கீழே கவிழ்த்து வைத்து மேசை வாள் என்று ஓட்டுவதை இங்கே பல இடங்களில் காண்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிரைண்டர் நிமிடத்துக்கு 11000 சுற்றளவில் ஓடும். பின்னால் தகடு இல்லை, மூடி இல்லை, அவசரத்துக்கு அணைக்கக் கைக்கு எட்டும் சுவிட்சும் இல்லை. காசு போதவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் கைவாளோடு இருங்கள். அப்பா நாற்பது வருடம் அப்படித்தான் இருந்தார்.

பிளேடின் நடு ஓட்டையையும் கவனியுங்கள். வட அமெரிக்க வாள்களுக்கு அது எட்டில் ஐந்து அங்குலம், இங்கே வரும் 230 வோல்ட் வாள்களில் பலதுக்கு 30 மில்லிமீற்றர். நான் முதலில் ஆசையாய் வாங்கிய பிளேடின் ஓட்டை 25.4, அச்சில் ஏறவே இல்லை. பெரிய ஓட்டையை வளையம் போட்டுச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்க வழியில்லை. வாளோடு வரும் பிளேடு பொதுவாகச் சுமார்தான். நெடுக்கே பிளக்க 24 பல், பிளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் 60 பல், இரண்டு பிளேடு இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்து மரங்களுக்கு 24 பல் கட்டாயம் வேண்டும். சமண்டலை, முதிரை, பாலை எல்லாம் கடினம். சமண்டலைக்கு ஆங்கிலேயர் எங்கள் ஊர்ப் பெயரையே வைத்துத் திருகோணமலை மரம் என்றார்கள், சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் இது போனது. இவற்றை நுண்பல் பிளேடில் பிளந்தால் வெட்டு கருகும், மோட்டார் திணறும். மரக்காலையிலிருந்து வந்த பலகையை அப்படியே ஃபென்ஸில் சாய்க்கவும் வேண்டாம். ஒரு விளிம்பைச் சீவுளியால் நேராக்கிய பிறகே அந்த விளிம்பை ஃபென்ஸுக்குக் கொடுங்கள். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் அரிப்புத் தரும், எனக்குக் கழுத்தெல்லாம் சிவந்தது. பொதுவாகவே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. வாளின் தூள் வாய்க்கு உங்கள் வெக்யூம் குழாய் பொருந்துமா என்று பாருங்கள், முகக்கவசம் போடுங்கள்.

உப்புக்காற்று ஒரு தனி எதிரி. வார்ப்பிரும்பு மேசை உள்ள பெரிய வாள்கள் இந்த ஊரில் ஒரு மாரியிலேயே செம்மண் நிறமாகிவிடும். சின்ன வாள்களின் மேசை அலுமினியம் என்பது நமக்கு நல்லது. ஆனால் அச்சு, பிளேடு ஏற்றும் திருகு, ஃபென்ஸின் பல் தண்டு எல்லாம் உருக்கு. ஐப்பசியில் மழை தொடங்க முன் நான் எல்லாவற்றையும் துடைத்து, மேசைக்கு மெழுகு பூசி, தண்டுக்கு உலர்ந்த மசகு விடுவேன். எண்ணெய் விட்டால் தூள் ஒட்டிப் பசையாகும். சிலிக்கன் கலந்ததைத் தொட வேண்டாம், அது மரத்தில் ஏறினால் பிறகு வார்னிஷ் பிடிக்காது. வேலை முடிந்ததும் வாளைக் கடல் பார்த்த விறாந்தையில் விடாமல் உள்ளே எடுங்கள். 22 கிலோ வாளின் அருமை அப்போது இன்னொரு தரம் தெரியும்.

வாள் வீட்டுக்கு வந்த அன்று ஸ்டூலுக்கோ கதிரைக்கோ மரம் அரிய அவசரப்பட வேண்டாம். மிஞ்சிய பிளைவுட்டில் பறவை மூக்குப் போலக் கவடு வைத்த தள்ளுகட்டை இரண்டு, கைவாளாலேயே வெட்டிக்கொள்ளுங்கள். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இல்லாவிட்டால் அங்கே கை போகக் கூடாது, தள்ளுகட்டைதான் போக வேண்டும். ஒன்றை வாளின் வலப்பக்கம் ஆணியில் தொங்கவிடுங்கள். மற்றது இடக்கைக்கு.