அரசு ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கும் முன்: புத்தொழில் நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு டெண்டர்களில் தோற்கும் புத்தொழில் நிறுவனங்கள் பலவற்றின் தயாரிப்பை யாரும் பார்ப்பதே இல்லை. அதற்கு முன்பே, தகுதி நிபந்தனைகளைச் சரிபார்க்கும் கட்டத்தில் அவை விலக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே டெண்டர் ஆவணம் கைக்கு வந்ததும் பணி விவரத்தை விட்டுவிட்டு, தகுதி நிபந்தனைகளை முதலில் படியுங்கள்.

கடந்த ஆண்டுகளின் விற்றுமுதல், இதேபோன்ற பணியை முடித்த அனுபவம் ஆகிய இரண்டும்தான் பெரும்பாலும் தடையாக நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை, கேட்கப்படும் குறைந்தபட்ச விற்றுமுதல் ஒப்பந்த மதிப்பைப் போல் இரு மடங்கைப் பொதுவாகத் தாண்டக் கூடாது என்கிறது. இந்தியாவில், தரமும் தொழில்நுட்பத் தேவையும் நிறைவேறுமானால், அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்களுக்கு இவ்விரு நிபந்தனைகளையும் தளர்த்த விதிகள் இடமளிக்கின்றன. சலுகை தானாக வந்து சேராது. அதைக் குறிப்பிட்டுக் கோரிச் சான்றிதழை இணைக்க வேண்டும். சலுகை இல்லாத இடத்தில், பெரிய நிறுவனம் ஒன்றின் துணை ஒப்பந்ததாரராகச் சேர்ந்து, உங்கள் பங்குப் பணியைத் தனியே குறிப்பிடும் நிறைவுச் சான்றிதழைப் பெறுங்கள். முதல் ஒப்பந்தத்தின் லாபத்தைவிட அந்தச் சான்றிதழே மதிப்புமிக்கது என்பது என் உறுதியான கருத்து.

விவரக்குறிப்பு ஏதேனும் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பையே மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகத் தோன்றினால், ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற சொற்களைச் சேர்க்குமாறு, கேள்விகளுக்கான கெடு முடிவதற்குள் எழுத்துமூலம் கேளுங்கள். கேள்வியும் பதிலும் பெரும்பாலும் போட்டியாளர்கள் அனைவருக்கும் அனுப்பப்படும் என்பதால், உங்கள் தொழில்நுட்ப வழிமுறையை அதில் வெளிப்படுத்தாதீர்கள்.

இனி, வென்ற பிறகு வரும் ஆபத்தைப் பார்ப்போம். நல்ல நிறுவனங்களும் தடுமாறுவது இங்கேதான். ஆறு மாதப் பணி, அதைச் சோதித்து ஏற்க ஒரு மாதம், அதன் பின் பணம் வர 45 நாட்கள் என்று வைத்துக்கொண்டால், முன்பணம் இல்லாத ஒப்பந்தத்தில் எட்டரை மாதச் சம்பளமும் செலவும் உங்கள் கையிலிருந்தே போக வேண்டும். பணியை நீங்கள் முடிக்கத் தவறினால் அரசுக்குப் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உத்தரவாதத்துக்காக முடங்கும் தொகை இதற்கும் மேல். இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை அரசு அமைப்புகளுக்குப் பொதுவாக 30 நாட்களை வரையறுக்கிறது. ஆயினும் பணி ஏற்கப்பட்ட நாளிலிருந்தே இந்தக் கணக்குத் தொடங்கக்கூடும் என்பதால், யார், எத்தனை நாட்களுக்குள், எந்த அளவுகோலின்படி ஏற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பணியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பில் அனுப்ப இடம் கேளுங்கள்.

இலவச முன்னோட்டச் சோதனைக்கு அழைப்பு வந்தால், அது வெற்றி பெற்ற பின் கொள்முதல் எந்த வழியில் நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். அமெரிக்காவில் 1982இல் தொடங்கப்பட்ட சிறு நிறுவன ஆராய்ச்சித் திட்டத்தில், முந்தைய கட்டங்களைத் தாண்டிய நிறுவனத்துக்கு மறுபடியும் போட்டி வைக்காமல் மூன்றாம் கட்ட ஒப்பந்தம், அதாவது ஆராய்ச்சியின் விளைவைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் ஒப்பந்தம், தர முடியும். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், வெற்றிகரமான சோதனைக்குப் பிறகும் நீங்கள் புதிய டெண்டரில் முதலிலிருந்து போட்டியிட நேரும்.

தோற்றால், மதிப்பெண் விவரத்தையும் காரணத்தையும் உடனே கேளுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிக் கொள்முதலில் இதற்கான கெடு, முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று நாட்கள் மட்டுமே.