பள்ளி நடத்தைத் திட்டத்துக்கு மதிப்பெண் போடும்போது நேரும் தவறுகள்

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பிபிஐஎஸ் என்ற நேர்மறை நடத்தை ஆதரவுத் திட்டம் நடக்கிறது. நல்ல நடத்தையைப் பாடம்போலச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி நடக்கும் பிள்ளையைப் பாராட்டுவார்கள். தடுமாறும் பிள்ளைக்குக் கூடுதல் துணை தருவார்கள். ஏட்டில் எழுதியது பள்ளியில் நடக்கிறதா என்று பார்ப்பதற்கு டி.எஃப்.ஐ. என்ற படிவம் இருக்கிறது. திட்டம் மூன்று அடுக்குகளாக நடக்கும்: முதலாவது எல்லாப் பிள்ளைகளுக்கும், இரண்டாவது கூடுதல் துணை தேவைப்படும் சிலருக்கும், மூன்றாவது தனிக் கவனம் தேவைப்படுவோருக்கும். 2014இல் வந்த அந்தப் படிவத்தில் இவற்றுக்கு 15, 13, 17 என மொத்தம் 45 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண்.

இதை நாற்காலியை விட்டு எழாமலே நிரப்பிவிடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. “பாதுகாப்பு, மரியாதை, பொறுப்பு” என்று நடைபாதை முழுக்க எழுதி ஒட்டியிருப்பார்கள். திட்டத்தை நடத்தும் பள்ளிக் குழுவும் முழு மதிப்பெண் போட்டுவிடும். ஆனால் படிவம் கேட்பது வேறு. ஆசிரியர்களில் 90 சதவீதம் பேரும் மாணவர்களில் 70 சதவீதம் பேரும் அந்த எதிர்பார்ப்புகளில் மூன்றில் இரண்டையாவது சொல்ல வேண்டும். அதற்காகவே ஒருவர் பள்ளியைச் சுற்றிவந்து, குறைந்தது பத்து மாணவர்களிடமாவது நேரில் கேட்க வேண்டும். அண்மையில் யாராவது உன்னைப் பாராட்டினார்களா என்றும் கேட்க வேண்டும். பிள்ளை யோசித்து “இல்லை” என்றால், எத்தனை சுவரொட்டி இருந்தும் என்ன பயன்? குழுவுக்கு வெளியே உள்ள பயிற்றுநர் ஒருவர் உடனிருந்தால், தமக்குத் தாமே தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொள்ளும் ஆசையும் அடங்கும்.

மூன்று அடுக்குகளையும் கூட்டிச் சராசரி பார்ப்பது இன்னொரு தவறு. முதல் அடுக்கில் 30க்கு 29, இரண்டாவதில் 26க்கு 24, மூன்றாவதில் 34க்கு 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90க்கு 63, அதாவது 70 சதவீதம். தேவையான அளவு வந்துவிட்டது என்று தோன்றும். மூன்றாம் அடுக்கை மட்டும் பாருங்கள்: 29 சதவீதம். தனிக் கவனம் மிகவும் தேவைப்படும் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். 70 என்ற வரம்பை ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகவே வைத்துப் பார்க்க வேண்டும்.

இதே திட்டம் சரியாக நடக்கிறதா என்று அளக்க முன்பு பயன்பட்ட ‘செட்’ என்ற பழைய கருவியின் எண்ணோடு இதை ஒப்பிடுவதும் சரியல்ல. அதன் வரம்பு 80 சதவீதம்.

ஒழுங்கு மீறலுக்காகத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படுவோர் எண்ணிக்கை குறைந்தால், திட்டம் சரியாக நடக்கிறது என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. ஆசிரியர்கள் புகார்ச் சீட்டு எழுதுவதை நிறுத்தினாலும் அந்த எண்ணிக்கை குறையும்! விளைவு வேறு, நடைமுறை வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஆண்டு இறுதியில் ஒரே முறை அளந்து கோப்பில் வைப்பதால், அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காது. தொடக்க ஆண்டுகளில் குழுவின் மூன்று நான்கு கூட்டங்களுக்கு ஒருமுறை அளக்கலாம். 0 விழுந்த அம்சங்களில் இரண்டை எடுத்து, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.